பாட்டு நின்னாச்சு, பூட்டு எதுக்கு?

2000-களின் தொடக்கத்தில் லினக்ஸில் பாட்டு கேட்டவர்களுக்கு இந்தக் கடுப்பு நல்ல பழக்கம். உலாவியில் ஏதோ ஒரு ஃபிளாஷ் விளம்பரம் 'டிங்' என்றுவிட்டு ஓய்ந்துவிடும். அப்புறம் எம்பிளேயரில் எதை ஓடவிட்டாலும் சத்தம் வராது. ஒலிச்சாதனம் பயன்பாட்டில் இருப்பதாகப் பிழைச்செய்திதான் வரும். யார் பயன்படுத்துகிறார்கள்? யாருமில்லை. செருகுநிரல் /டெவ்/டிஎஸ்பி-யைத் திறந்தது, மூடவில்லை. அவ்வளவுதான்.

பழைய ஓஎஸ்எஸ் முறையில், ஒலி அட்டைக்கே கலக்கும் திறமை இல்லாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் இடம். 'ஃபியூசர்' கட்டளை போட்டு ஆளைப் பிடித்துக் கொல்ல வேண்டியதுதான். (அந்த ஆள் பத்துப் பக்கம் திறந்து கிடக்கும் உலாவியாகவே இருப்பது தனிச்சோகம்.) திட்டு விழுந்ததோ லினக்ஸுக்கு. "இதுல சவுண்டே ஒழுங்கா வராதுப்பா" என்று விண்டோஸுக்குத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்! மூடுவதற்கு ஒரு வரி எழுதாத நிரலர் மட்டும் தப்பித்துக்கொண்டார்.

பிறகு ஆல்சாவின் டிமிக்ஸ் வந்தது. 2007-இல் ஃபெடோரா 8, பல்ஸ்ஆடியோவை இயல்பிருப்பாக்கியது. எல்லாருடைய ஒலியையும் வாங்கிக் கலந்து ஒரே ஆளாக அட்டைக்கு அனுப்பியதால் சண்டை ஓய்ந்தது. சோம்பல் ஓயவில்லை, ஒளிந்துகொண்டது. யாரும் ஒலிக்காமல் 5 நொடி போனால் பல்ஸ்ஆடியோ அட்டையைத் தூங்கவிடும். பாட்டு நின்றபிறகும் ஒரு நிரல் வெறும் நிசப்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தால்? அட்டை விழித்தே கிடக்கும், மடிக்கணினியின் பேட்டரி கரையும். முன்பாவது பக்கத்து நிரல் கூச்சல் போட்டுக் காட்டிக்கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை.

இடைநிறுத்தத்தின்போது ஓட்டத்தை அடைத்துவைக்கவென்றே 'கார்க்' என்றொரு அழைப்பைப் பல்ஸ்ஆடியோ தந்திருக்கிறது. அதைக் கூப்பிடாமல் இருப்பதற்கு என்ன சாக்கு?