வழிநூலும் முதல்நூலும்: ஒரு சித்திரக்கதைத் தொடர் உணர்த்தும் பாடம்

நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்துரைத்தது நம் இலக்கண மரபு. வழிநூல் என்பதனாலேயே ஒரு படைப்பு தாழ்ந்துவிடுவதில்லை. வான்மீகியின் வழிவந்த கம்பரே இதற்குச் சான்று. ஆயினும் வழிவந்த படைப்பைச் சற்றுக் குறைவாக நோக்கும் போக்கு கற்றோர் அவையில் இன்றும் உண்டு. அப்படைப்பு சித்திரக்கதையாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டா. சிறுவர்தம் பொழுதுபோக்கு என்று கூறி ஒதுக்கிவிடுகிறோம். இவ்வாறு ஒதுக்குதல் முறைதானா? ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றையும் அதன் வழிப்பிறந்த சித்திரக்கதைகளையும் கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண முயல்வோம்.

முதல்நூல்

'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. 'டாக்டர்' என்றே அழைக்கப்பெறும் வேற்றுலகத்தார் ஒருவர், பார்வைக்குக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போலத் தோன்றும் கலத்தில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து செல்கிறார். சென்ற இடமெல்லாம் கொடுமையை எதிர்த்து நிற்கிறார். இதுவே கதையின் கரு. இத்தொடரின் முதற்கதையை இயக்கியவர் 1938ஆம் ஆண்டு இலக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. அவருடைய அன்னையார் அத்தியா ஹுசைன், ஆங்கிலத்தில் நாவல் படைத்துப் புகழ்பெற்றவர்.

வழிநூலின் தொடக்கம்

தொடர் தொடங்கி ஓராண்டு நிறையுமுன்பே, 1964 நவம்பரில், 'டிவி காமிக்' என்னும் வார இதழ் இதனைச் சித்திரக்கதையாக வெளியிடலாயிற்று. தொடக்ககாலக் கதைகள் உயர்ந்தவை என்று நாம் வாதிட வரவில்லை. தொலைக்காட்சியில் இல்லாத ஜான், கில்லியன் என்னும் இரு பேரப்பிள்ளைகளை டாக்டருக்குத் துணையாக்கி, எளிய சிறுவர் கதைகளாகவே அவற்றை அமைத்தனர். தொடருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 'டாலெக்' என்னும் கொடிய பகைவர்களைப் பயன்படுத்தும் உரிமையும் அவ்விதழுக்குத் தொடக்கத்தில் இல்லை. எனவே 'டிராட்' என்னும் எந்திரங்களைப் படைத்து அக்குறையை நிரப்பிக்கொண்டனர்.

டாலெக்குகளின் கதையோ 1965 ஜனவரியில் தோன்றிய 'டிவி செஞ்சுரி 21' என்னும் மற்றொரு வார இதழில் வெளிவந்தது. வாரம் ஒரு பக்கமாக, 104 வாரங்கள் வண்ணத்தில் நடந்த அத்தொடரில் டாக்டர் இல்லை. கதைத்தலைவனே இன்றிப் பகைவர்தம் பேரரசின் எழுச்சியைக் கூறிய துணிவு அதற்கு இருந்தது. தொலைக்காட்சியில் டாலெக்குகள் கறுப்பு வெள்ளையில் மட்டுமே தோன்றிய காலம் அது. இத்தகைய ஆங்கில வார இதழ்களில் ஒன்றில் தோன்றிய கதைதான் 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக 'இரும்புக்கை மாயாவி' எனத் தமிழுக்கு வந்தது என்பதை நினைவுகூர்ந்தால், இவ்வுலகம் நமக்கு முற்றும் அயலானதன்று என்பது விளங்கும்.

அழிந்ததும் எஞ்சியதும்

இங்குச் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் ஒளிநாடா விலை மிகுந்த பொருள். ஒருமுறை ஒளிபரப்பிய நாடகத்தை மீண்டும் காண்பார் யார் என்று எண்ணி, பி.பி.சி. நிறுவனம் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. அதனால் 1960களின் 'டாக்டர் ஹூ' பகுதிகள் பல காட்சி வடிவில் அதன் காப்பகத்தில் இல்லாமற் போயின. அவற்றின் ஒலி மட்டும் எஞ்சியுள்ளது. அதுவும் வீட்டிலிருந்தபடியே ஒலிநாடாவில் பதிந்துவைத்த நேயர்களின் ஆர்வத்தால் கிடைத்ததே. சிறுகாசுக்கு விற்ற வார இதழ்ப் பக்கங்களோ படித்தவர்தம் பெட்டிகளில் உறங்கிக் கிடந்து, பின்னர்த் தொகுப்பு நூல்களாக மறுபதிப்புக் கண்டன. பெரிய நிறுவனம் காக்கத் தவறியதைச் சாதாரண வாசகரும் நேயரும் காத்தனர். ஓலைச்சுவடிகளை ஆற்றுக்கும் தீக்கும் கொடுத்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

வழிநூல் முந்திய இடம்

1979 அக்டோபரில் மார்வெல் நிறுவனத்தின் ஆங்கிலக் கிளை 'டாக்டர் ஹூ வீக்லி' என்னும் இதழைத் தொடங்கியது. பாட் மில்ஸ், ஜான் வாக்னர் ஆகியோர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'அயர்ன் லீஜன்' அதன் முதல் தொடர். ரோமப் பேரரசு வீழாத வேறோர் உலகிலிருந்து எந்திரப்படை ஒன்று ஆங்கிலச் சிற்றூரைத் தாக்குவதாகக் கதை. அன்றைய தொலைக்காட்சியின் பொருள்வசதி அத்தகைய படையைக் காட்ட இடந்தராது. ஓவியருக்கோ தூரிகையும் மையும் போதும்.

1980இல் இதே கூட்டணி படைத்த 'ஸ்டார் பீஸ்ட்' கதையில் ஷாரன் என்னும் கறுப்பினப் பள்ளி மாணவி டாக்டரின் பயணத்துணையானாள். தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண் ஒருத்தி முதன்மைத் துணையாக வந்தது 2007இல்தான். வழிநூல் முதல்நூலை 27 ஆண்டுகள் முந்திச் சென்றிருக்கிறது!

1989 டிசம்பரில் தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்பட்டது. 1996இல் வெளியான ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படம் தவிர, 2005 மார்ச் வரை திரையில் புதிய தொடர் எதுவும் இல்லை. அந்நீண்ட இடைவெளியிலும் இதழின் சித்திரக்கதை தொடர்ந்து வெளிவந்தது. திரை அணைந்திருந்த காலத்தில் விளக்கேற்றி வைத்தவற்றுள் இத்தாள்களும் ஒன்று. பின்னர் 2023 நவம்பர் 25 அன்று, தொடரின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி ஒளிபரப்பான சிறப்புக் கதை, 1980ஆம் ஆண்டின் அந்த 'ஸ்டார் பீஸ்ட்' சித்திரக்கதையின் தழுவலாகவே அமைந்தது. மூலப் படைப்பாளர்களாக மில்ஸ், கிப்பன்ஸ் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றன. வழிநூல் முதல்நூலாயிற்று, முதல்நூல் வழிநூலாயிற்று.

நம் கடன்

சித்திரக்கதை படிப்பதால் மாணவரின் மொழித்திறன் குன்றும் என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. தரங்குறைந்த கதைகள் உண்டு, 'டிவி காமிக்' இதழிலேயே அவற்றைக் கண்டோம். ஆனால் தரங்குறைந்த கவிதை உண்டென்பதற்காகக் கவிதையையே விலக்கினோமா? எடை போடவேண்டியது படைப்பை. அது வந்த வடிவத்தையன்று.

நம் துறையினர் செய்யக்கூடியவை சில உண்டு. தமிழில் வெளிவந்த சித்திரக்கதைகள் பழைய தாள் கடைக்குப் போகுமுன் நம் நூலகத்தில் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்கலாம். மொழிபெயர்ப்பாய்வும் தழுவலாய்வும் மேற்கொள்ளும் ஆய்வு மாணவர்க்கு இவற்றையும் ஆய்வுப்பொருளாக வழங்கலாம். மாணவச் செல்வங்களும் தத்தம் வீட்டுப் பரணில் தேடிப்பார்க்கலாம். கிடைத்தவற்றைத் துறைக்குக் கொணர்ந்து தரலாம்.

எது நிலைக்கும், எது அழியும் என்பதை இன்றைய மதிப்பீடு மட்டும் முடிவு செய்துவிடுவதில்லை. மீண்டும் காண்பாரில்லை என்று அழித்ததைப் பின்வந்தோர் உலகெங்கும் தேடி அலைந்தனர். சிறுகாசுக்கு வாங்கிய தாளிலிருந்து நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் புதிய நாடகம் பிறந்தது. ஆதலின் கையில் உள்ளதை முதலில் காப்போம். தரத்தை ஆய்ந்து பின்னர் உரைப்போம்.