எண்ணூர்க் கழிமுகத்துக் கண்டற்காட்டை மீட்டுத் தரக் கோரும் மனு

தமிழக அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலர் அவர்கள் சமுகத்திற்கும், சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்கள் சமுகத்திற்கும், எண்ணூர்க் கழிமுகத்தில் தொழில் செய்யும் மீனவர் சங்கத்தார் பணிவுடன் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு.

ஐயா,

அமேசானில் மாட்டு மேய்ச்சலுக்காகவும் போர்னியோவில் செம்பனைத் தோட்டத்துக்காகவும் காடுகள் வெட்டப்படுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் கொசத்தலையாறு கடலோடு கலக்கும் இவ்விடத்தில், ஒரு கோடரியும் ஓங்கப்படாமலே ஒரு காடு க்ஷீணித்து வருவதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதலானோம்.

இக்கண்டற்காட்டின் அலையாத்தி மரம் சேற்றில் நின்று சுவாசிப்பது. அதற்காகவே அடிமரத்தைச் சுற்றி விரல் நீளத்துக்கு மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டி வைத்திருக்கிறது. உப்பும் நன்னீரும் கலந்த ஓதம் நாள்தோறும் வந்து போனால்தான் அது பிழைக்கும். 1970 முதல் இங்கே அனல் மின் நிலையங்கள் எழுந்தன. 2001-இல் துறைமுகம் திறக்கப்பட்டது. சாலைகளும் கரைகளும் ஓதத்தின் வழியை மறித்தன. தூர்வாரிய மண் உப்பங்கழிச் சதுப்பில் கொட்டப்பட்டது. அம்மின் நிலையங்களின் குழாய்களில் கசிந்த சாம்பற்குழம்பு ஆற்றின் அடியில் படிந்து இறுகி, அந்த மூச்சுவேர்களையும் மூடிற்று. மரம் நிற்கிறதென்று தூரத்திலிருந்து பார்ப்பவர் கருதுவார். கிளையை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பச்சை இராது.

பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் இருகையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் ஜீவனம் அந்த வேர்களின் நிழலில் வளரும் குஞ்சுகளைச் சார்ந்தது. இன்று துழாவும் கையில் சேற்றுக்குப் பதிலாகச் சாம்பல் ஒட்டுகிறது. நண்டு வளையும் மடவைக் கூட்டமும் கண்ட இடங்களை எங்கள் பெரியவர்கள் வாயால் சொல்லக் கேட்கிறோமே ஒழியக் கண்ணால் காண்பது அரிதாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து மிச்சமிருந்த மரங்களின் மீதும் பூசிக்கொண்டது.

இது எங்கள் பேட்டைகளின் துயரம் மாத்திரமன்று. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் இந்த முகத்துவாரம் வழியாகவே கடலை அடைகிறது. கழிமுகம் மேடாகி ஒடுங்கினால் அந்நீர் வடசென்னைத் தெருக்களில் தேங்கும் என்பதை 2015 வெள்ளமும் 2023 வெள்ளமும் காட்டிய பின்னும் விளக்கவேண்டுமா? 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்துக் கண்டற்காடு தனக்குப் பின்னிருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைத் தணித்துக் கொடுத்ததும் அரசு அறிந்த விஷயமே.

கன்று நடும் விழாக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகிறோம். சாம்பல் மேட்டில் நட்ட அலையாத்திக் கன்று புகைப்படத்தில் மட்டுமே வேர்பிடிக்கும். முதலில் ஆற்றடியிலுள்ள சாம்பலை அகற்றி, மூடப்பட்ட ஓடைகளைத் திறந்து, ஓதத்துக்கு வழிவிடுங்கள். விதை தானாக மிதந்து வந்து ஒதுங்கும். ஆகவே எங்கள் பிரதான கோரிக்கை இதுவே.

அதனோடு, 1991 முதல் வெளிவந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளின் வழியில் இக்கழிமுகத்தின் எல்லையை நேரில் அளந்து, கல் நட்டு, வரைபடத்தைக் கிராம சபைகளில் வைக்கவேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டற்காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்பு நிலம் விடவேண்டுமென்ற பிற்கால விதி இங்கே ஏட்டளவில் நின்றுவிடலாகாது. கசியும் குழாய்களை மாற்றும்வரை சாம்பற்குழம்பு அனுப்புதல் நிறுத்தப்படவேண்டும். எண்ணெயினால் வலையும் படகும் இழந்தோருக்கான நிவாரணம் இருளருக்கும் எட்டவேண்டும். அவர்களிடம் படகு இல்லை என்பது நிராகரிக்கக் காரணமாகக் கூடாது.

அளவீட்டுக்கு வரும் உத்தியோகஸ்தர்கள் நீர் வற்றிய நேரத்தில், காலை வெயில் ஏறுமுன் வரும்படி வேண்டுகிறோம். நீர் ஏறிய பிறகு வந்தால் சாம்பல் தெரியாது. அன்று படகும் துடுப்பாளும் நாங்களே தருவோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
எண்ணூர்.