டிசைன் யாருக்காக?

டிசைன் என்றதும் பலருக்கும் போட்டோஷாப்தான் நினைவுக்கு வரும். மென்பொருள் தெரிந்தால் டிசைனர், தெரியாவிட்டால் இல்லை! ஆனால் இந்தக் கணக்கு ஜெர்மனியின் டீட்டர் ராம்ஸிடம் எடுபடாது. 1955ல் ப்ரான் நிறுவனத்தில் சேர்ந்தவர்; 1961 முதல் 1995 வரை அங்கே டிசைன் பிரிவின் தலைவர். போட்டோஷாப் வெளிவந்ததே 1990ல்தான். ராம்ஸின் பெயர் சொல்லும் ரேடியோவும் ரெக்கார்டு ப்ளேயரும் அலமாரியும் அதற்குப் பல வருடங்கள் முன்பே வந்துவிட்டன.

1956ல் ஹான்ஸ் குகெலோட்டுடன் சேர்ந்து அவர் செய்த எஸ்கே 4 ரெக்கார்டு ப்ளேயரைப் பாருங்கள். அதுவரை இந்தக் கருவிகள் பெரும்பாலும் கனமான மரப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். இவர்கள் வெள்ளை நிற உலோக உடலுக்கு மேல் உள்ளே தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டார்கள், அவ்வளவுதான். 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று அதற்குப் பட்டப்பெயரே வந்தது. பிறகு அந்த மூடி எல்லா நிறுவனங்களுக்கும் வழக்கமாகிப் போனது!

நல்ல டிசைனுக்கு ராம்ஸ் சொன்ன 10 கொள்கைகளில் இரண்டு, விளம்பர உலகத்துக்குக் கசக்கும். ஒன்று, பொருள் நேர்மையாக இருக்க வேண்டும். இல்லாத மதிப்பை இருப்பதாகக் காட்டக்கூடாது. இரண்டு, அது நீண்ட நாள் உழைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் அமெரிக்க டிசைனர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். தேவை வருவதற்குச் சற்று முன்பே புதியதை வாங்கும் ஆசையை மக்களிடம் உண்டாக்க வேண்டும் என்பது அவர் 1954ல் சொன்ன கருத்து. இன்று வருடா வருடம் புது மாடல் போன் வருகிறதே, அதன் பின்னால் இருப்பதும் இந்த எண்ணம்தான்.

வியாபாரக் கணக்கில் ஸ்டீவன்ஸ்தானே சரி? வாங்கியவர் மறுபடி வராவிட்டால் கடை எப்படி நடக்கும்?

நியாயமான கேள்விதான். பதில் ராம்ஸின் 606 அலமாரியில் இருக்கிறது. விட்சோ நிறுவனம் அதை 1960 முதல் விற்று வருகிறது. அன்று வாங்கியதோடு இன்று தயாராகும் பாகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் மறுபடியும் வருகிறார். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அல்ல, அதோடு சேர்ப்பதற்காக.

சிக்கல் என்னவென்றால், ராம்ஸின் எளிமையே இப்போது ஒரு விற்பனைச் சரக்காகிவிட்டது. 2001ல் வந்த முதல் ஐபாடைப் பார்த்தவர்கள் அதை ராம்ஸின் 1958 டி3 ரேடியோவோடு ஒப்பிட்டார்கள். ஆப்பிளின் டிசைனை 2009ல் ஒரு ஆவணப்படத்தில் ராம்ஸே பாராட்டினார். ஆனால் அந்த ஐபாடின் பேட்டரியைப் பயனர் சுலபமாக மாற்ற முடியாது. அந்த பேட்டரி விவகாரம் அமெரிக்காவில் வழக்காகி, 2005ல் சமரசத்தில் முடிந்தது. தோற்றம் ராம்ஸுடையது, கணக்கு ஸ்டீவன்ஸுடையது!

மென்பொருளின் எல்லையும் இங்கேதான். நிழல் வேண்டுமா, பளபளப்பு வேண்டுமா, 'மினிமல்' தோற்றம் வேண்டுமா, எல்லாம் நொடியில் கிடைக்கும். எதை விட்டுவிட வேண்டும், எதைத் திறந்து பழுது பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதை எந்த மெனுவிலும் தேட முடியாது. அது டிசைனரும் முதலாளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

அடுத்த முறை கடையில் அழகான பொருள் ஒன்று உங்களை இழுத்தால், விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பத்து வருடம் கழித்து இதற்குப் பாகம் கிடைக்குமா? அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும், அந்த அழகு உங்களுக்காகச் செய்ததா, விற்பனைக்காகச் செய்ததா என்று.