கத்தியா, களிம்பா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் கடலிலும் வயலிலும் வெயில் காய்ந்து உழைப்போர் ஏராளம். அவர்களின் முகத்தில் நாட்பட்டு ஆறாதிருக்கும் கரும்புள்ளியை எவரும் பெரிதுபடுத்துவதில்லை. தோலில் ஏற்படும் அடிக்கலப் புற்றுநோய் எம்மவரிடையே அரிது என்பது உண்மையே. எனினும் எமது தோலில் அது பெரும்பாலும் கருமையாகவே தோன்றுவதால், மச்சமென்று கருதிக் காலம் கடத்தப்படுகின்றது. இந்நோய் உயிரைப் பறிப்பது அபூர்வம். ஆனால், கவனியாது விட்டால் மூக்கையும் கண்ணிமையையும் அரித்துவிடும்.

ஆபத்துக் குறைந்த இவ்வகைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையா, ‘இமிகுவிமோட்’ களிம்பா சிறந்தது என்பதைப் பிரித்தானியாவில் 501 நோயாளர்களிடம் ஆராய்ந்தனர். 2014 இல் வெளியான மூன்றாண்டு முடிவின்படி, களிம்பு 84 சதவீதமானோரிடமும் சத்திரசிகிச்சை 98 சதவீதமானோரிடமும் வெற்றியளித்தது. ஐந்தாண்டுகளின் பின்னரும் இந்நிலை பெரிதாக மாறவில்லை. களிம்பு பலனளிக்காதோரில் பெரும்பாலானோருக்கு அது முதலாண்டிலேயே தெரிந்துவிட்டது.

ஐவரில் நால்வருக்கு மேல் கத்தியின்றிக் குணமடைவது சிறிய விடயமல்ல. தழும்பும் குறைவு. நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு வாரங்கள் இரவில் பூசி, எட்டு மணித்தியாலங்களின் பின் கழுவ வேண்டும். இஷாத் தொழுகையின் பின் பூசுபவருக்கு ஸுபஹு வேளையில் வுழூச் செய்வதற்கு இடையூறில்லை. இரவில் கடலுக்குச் செல்பவர் என்ன செய்வார்? சிவந்து பொருக்குத் தட்டிய தோலில் உப்புநீர் படுவதை அவர்தான் தாங்க வேண்டும்.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. மூக்கு, காது, கண்ணிமை போன்ற இடங்களில் நோயுற்றவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அத்தகையோருக்கு இப்புள்ளிவிபரங்களைக் காட்டிக் களிம்பைப் பரிந்துரைப்பது முறையாகாது. ஏனையோரிலும், முதலாண்டில் தவறாது வந்து காட்டக்கூடியவருக்கே களிம்பு பொருந்தும். ஒருநாள் கூலியை இழந்து மூதூரிலிருந்து நகருக்கு வருபவருக்கு, உள்ளூர் மயக்கமருந்துடன் ஒரே தடவையில் முடியும் சிறு சத்திரசிகிச்சையே உகந்தது என்பது எமது கருத்து.

எதுவாயினும், தோலில் சிறு துண்டெடுத்துப் பரிசோதித்து நோயை உறுதிசெய்த பின்னரே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும். கடையில் வாங்கிய ஏதோவொரு கிறீமை மாதக்கணக்கில் பூசிவிட்டு வைத்தியசாலைக்கு வருவது நோய்க்கு அவகாசம் கொடுப்பதாகும். அதேவேளை, இப்பரிசோதனைக்காக 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மஹரகம வரை எவரும் அலையாதிருப்பதைச் சுகாதார அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும். கிண்ணியா, மூதூர் நோயாளர்களின் மீள்பரிசோதனையும் அவர்களுக்கு அண்மையிலேயே நடைபெற வேண்டும்.