சூரியன் மறையுமுன்

தியானப் பகுதி: உபாகமம் 24:14, 15, ஆமோஸ் 6:4–6, 1 கொரிந்தியர் 11:20–22

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் சகோதரர் சிலர் என்னிடம் வந்தார்கள். "ஐயா, ஒரு அபிப்பிராயம் கேக்கோணுங்க. கொச்சிக்குப் போயி, சாயங்காலம் கப்பல்ல ஒரு ரவுண்டு, அதுலயே ராத்திரிச் சாப்பாடு. எஸ்.பி.பி. அவிங்களுக்கு அஞ்சலியா ஒரு பாட்டுக் கச்சேரி. சபைக் குடும்பங்க எல்லாம் சேர்ந்து போலாம்னு இருக்கறமுங்க" என்றார்கள். அருகில் நின்ற மூப்பர் ஒருவர், "சபைப் பேருல சினிமாப் பாட்டுங்களா ஐயா?" என்று முகம் சுளித்தார். இரு பக்கத்தாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அப்பொழுது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் சகோதரி ஒருவர், பிள்ளையின் கையைப் பிடித்தபடி எங்களைக் கடந்து போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தக் கிழமைங்க?" சனிக்கிழமை என்றார்கள். "சனிக்கிழமைங்களா? அன்னைக்குச் சம்பளம் கைக்கு வரவே ராத்திரி ஆயிருமுங்களே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

சகோதரர்களின் கேள்விக்கு எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வாரம் முழுவதும் என் உள்ளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது அந்தச் சகோதரியின் கேள்விதான். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது, பாட்டைப் பற்றி. சினிமாப் பாட்டு என்பதற்காகவே ஒரு மாலைப்பொழுதைப் பாவம் என்று தீர்க்க நான் ஆயத்தமாக இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தம் காலத்து அரசவையிலும் மேடையிலும் ஒலித்த இராகங்களிலேயே கிறிஸ்துவைப் பாடினார். குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தையே எடுத்து, அதைப் 'பெத்லகேம் குறவஞ்சி' ஆக்கினார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் அவர்களோ திரைக்கு மட்டும் பாடியவர் அல்லர். அவர் குரலில் வந்த கிறிஸ்தவப் பாடல்களை நம் வீடுகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் அநேகர். 2020 செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தபோது, ஊரடங்கின் நடுவே, நம் வீதிகளில் எத்தனை வீடுகளிலிருந்து அந்தக் குரல் கேட்டது என்பதை நான் மறக்கவில்லை.

மறைந்தவரைப் பாட்டால் நினைவுகூர்வது வேதத்துக்கு அந்நியமான காரியமும் அன்று. சவுலும் யோனத்தானும் மடிந்தபோது தாவீது ஒரு புலம்பலைப் பாடினான். யூதா மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் கட்டளையிட்டான் (2 சாமுவேல் 1). தன்னைக் கொல்லத் துரத்திய சவுலையும் அந்தப் பாட்டில் அவன் மேன்மைப்படுத்தியே பாடினான். நன்றியோடு நினைவுகூரும் உள்ளம் தேவன் தந்தது.

விருந்தைப் பற்றியும் அப்படியே. நம் ஆண்டவர் கானாவூர்க் கல்யாணத்துக்குப் போனார். ஆயக்காரர் வீட்டுப் பந்தியில் அமர்ந்தார். போஜனப்பிரியன் என்று பழிக்கவும்பட்டார். படகும் அவருக்குப் புதியதன்று. படகில் இருந்து போதித்தார், படகில் தூங்கினார், உயிர்த்தெழுந்த பின்பு கரையில் கரிநெருப்பு மூட்டி, படகில் வந்தவர்களுக்குக் காலை உணவு கொடுத்தார்.

கொச்சியில் கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் நடத்தும் 'நெஃபர்டிட்டி', 'சாகர ராணி' போன்ற உல்லாசக் கப்பல்களைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சூரியன் மறைவதைக் கடலில் இருந்து பார்ப்பதற்கென்றே மாலைப் பயணங்கள் உண்டு. நான்கைந்து மணி நேர ரயில் பயணத்தில் போய்விடலாம். நாள் முழுவதும் ஓவர்லாக் மெஷின் இரைச்சலையும் பஞ்சுத் தூசியையும் சாயப்பட்டறை வாடையையும் சுவாசிக்கிற நம் மக்களுக்குக் கடற்காற்று வேண்டும். படகு விட நமக்கென்று ஓர் ஆறு இருந்தது. அந்த நொய்யலை என்ன செய்தோம் என்பது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்களைக் கண்ட எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, பாட்டு வேண்டாம் என்றோ கப்பல் வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. என் கவலை வேறிடத்தில் இருக்கிறது.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஆறாம் அதிகாரத்தை வாசியுங்கள். தந்தம் இழைத்த கட்டில்களில் சாய்ந்துகொண்டு, தேர்ந்த ஆட்டுக்குட்டிகளைத் தின்று, இசைக்கருவிகளை மீட்டிப் பாடி, பெரிய கிண்ணங்களில் மது அருந்தி, உயர்ந்த தைலம் பூசிக்கொண்ட மக்களை அவர் கண்டிக்கிறார். மேலோட்டமாக வாசித்தால் இசையையும் விருந்தையுமே அவர் கண்டிப்பதாகத் தோன்றும். கடைசியில்தான் குற்றச்சாட்டு வருகிறது. இத்தனைக்கும் நடுவில், யோசேப்பின் வீட்டார் நொறுங்கிக் கிடப்பதைக் குறித்து அவர்களுக்குத் துக்கமே இல்லை. தீர்க்கதரிசியின் மனம் கொதித்தது அதற்காகத்தான்.

நம் ஊரில் யோசேப்பின் வீட்டார் யார்? அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு ஐம்பது விழுக்காடு வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட் ஆயிற்று. முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்களும் தூக்கமின்றித் தவித்தார்கள் என்பதை அறிவேன். அவர்களோடு முழங்காலில் நின்றிருக்கிறேன். ஆனால் அந்தத் துக்கம் எல்லோர் மேலும் ஒரே பாரமாக விழவில்லை. முதலாளி வங்கிக் கடனைப் பற்றிக் கவலைப்பட்டார். கைமடிக்கிற பெண் அடுத்த வாரத்து அரிசியைப் பற்றிக் கவலைப்பட்டாள். இரண்டு பேரும் நம் ஆலயத்தில் ஒரே பாயில் அமர்ந்திருந்தார்கள்.

கப்பலில் இசை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது டைட்டானிக். 1912 ஏப்ரல் 14 இரவு அந்தக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. வாலஸ் ஹார்ட்லி என்பவரின் தலைமையில் எட்டு இசைக்கலைஞர்கள், பயணிகள் கலங்காதிருக்கும்படி வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்கள் கடைசியாக வாசித்தது எந்த இசை என்பதில் தப்பியவர்களின் சாட்சிகள் வேறுபடுகின்றன. யாக்கோபு பெத்தேலில் கண்ட கனவை வைத்து சாரா ஃப்ளவர் ஆடம்ஸ் எழுதிய ஞானப்பாட்டு என்பதே உலகம் போற்றுகிற நினைவு. அதைச் சொல்லிப் பிரசங்கம் செய்யாத போதகர் அரிது, நானும் செய்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பிரசங்கங்களில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த எட்டுப் பேரும் கப்பல் நிறுவனத்தின் நேரடிப் பணியாளர்கள் அல்லர். லிவர்ப்பூலில் இருந்த ஒரு முகவர் நிறுவனம் வழியாக அமர்த்தப்பட்டவர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், காண்ட்ராக்ட் ஆட்கள். மரித்த பின்பு, அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று கப்பல் நிறுவனம் சொல்லிற்று. குடும்பங்களுக்கு நஷ்டஈடு மறுக்கப்பட்டது. இருபத்தொரு வயது வயலின் கலைஞர் ஜாக் ஹியூமின் தகப்பனாருக்கு, மகன் கடலில் மூழ்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், முகவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மகனுடைய சீருடைக் கணக்கில் 14 ஷில்லிங் 7 பென்ஸ் பாக்கி இருக்கிறது, அதைச் செலுத்தும்படி கேட்டிருந்தார்கள்.

துணி தைத்துப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கையில் என் மனம் நடுங்குகிறது. உலகமெல்லாம் அந்தக் கலைஞர்களுக்கு அஞ்சலிக் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தது. அதே நாட்களில் அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குத் துணிக் கணக்கு போய்ச் சேர்ந்தது.

பிரியமானவர்களே, இதை எழுதும் எனக்கும் அறிக்கையிட ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயப் பண்டிகை இரவில் இன்னிசைக் குழு ஒன்றை வரவழைத்திருந்தோம். ஐக்கிய விருந்துக்கு நானே ஜெபித்தேன். விருந்தினரோடு முதற்பந்தியில் அமர்ந்தேன். பதினொரு மணிக்குக் குழுவினர் வயர்களைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது சோறு தீர்ந்திருந்தது. கீபோர்டு வாசித்த தம்பி, "பரவாயில்லீங்க ஐயா, போற வழியில பாத்துக்கறமுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பாலசுப்ரமணியம் அவர்களும் தொடக்க நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு மேடை மேடையாகப் போனவர்தான். இளையராஜா அந்தக் குழுவில் வாசித்தவர். மறைந்த பாடகருக்கு அஞ்சலி செய்துவிட்டு, அவர் வந்த வழியில் இன்று நடந்துகொண்டிருப்பவர்களைப் பசியோடு அனுப்பினால், அந்த அஞ்சலியால் யாருக்கு என்ன கனம்?

கொரிந்து சபையில் நடந்ததும் இதுதான். ஆண்டவரை நினைவுகூர்வதற்கென்றே கூடிய பந்தியில், இருந்தவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், இல்லாதவர்கள் பசித்திருந்தார்கள். அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார். நினைவுகூரப்படுகிறவரின் பெயரை எத்தனை முறை சொல்கிறோம் என்பதை அவர் பார்க்கவில்லை. உடன் இருப்பவன் உண்டானா என்பதையே பார்த்தார்.

இப்பொழுது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

கூலிக்காரனுடைய கூலியை அன்றன்றே, சூரியன் மறைவதற்கு முன்பாகக் கொடுத்துவிடும்படி உபாகமம் கட்டளையிடுகிறது. காரணத்தையும் அங்கேயே சொல்கிறது. அவன் ஏழை, அவன் உயிர் அந்தக் கூலியை நம்பியிருக்கிறது, அவன் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டால் அது உன்மேல் பாவமாகும். திருப்பூரில் நம்முடைய கணக்கு வாரக் கணக்கு. சனிக்கிழமை மாலைதான் நம் ஊரின் அஸ்தமனம். மளிகைக் கடைப் பாக்கியும், பிள்ளையின் டியூஷன் பணமும், சொந்த ஊருக்கு அனுப்பும் தொகையும் அந்த மாலைக்காகக் காத்திருக்கின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பிள்ளைகளும் அதே மாலைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

நாம் கப்பலில் நின்று சூரியன் மறைவதைக் கண்குளிரப் பார்க்கும் அதே நேரத்தில், நம்மிடம் வேலை செய்தவர் கம்பெனி வாசலில் நின்று, "காண்ட்ராக்டர் எப்ப வருவாருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், அந்த அஸ்தமனத்தைக் குறித்துக் கர்த்தர் நம்மிடம் கணக்குக் கேட்பார். பணத்தைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டேன் என்பது சட்டத்துக்குப் போதிய பதிலாக இருக்கலாம். கர்த்தருக்கு அது போதாது.

"எங்கள் உழைப்பில் சம்பாதித்த பணம், குடும்பத்தோடு ஒரு நாள் சந்தோஷமாகச் செலவிடக் கூடாதா ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் செலவிடுங்கள். பையரிடமிருந்து பணம் வர மாதங்கள் ஆகின்றன, நூல் விலையோ காத்திருப்பதில்லை. உங்கள் பாரம் எனக்குத் தெரியாததன்று. உங்கள் குடும்பமாகப் போனால் உங்கள் மனச்சாட்சியே உங்களுக்குப் போதும். ஆனால் சபையின் பெயரால் போவதென்றால், சபை என்பது டிக்கெட் வாங்க முடிந்தவர்களின் கூட்டம் அன்று.

ஆகவே என் அபிப்பிராயம் இது. போங்கள்; ஆனால் சனிக்கிழமை வேண்டாம். வேறொரு விடுமுறை நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். புறப்படுமுன், நம் சபையில் தொழில் நடத்துகிற ஒவ்வொருவரும் தம்மிடம் வேலை செய்தவர் எவருக்கும், காண்ட்ராக்டர் வழியாக வந்தவர் உட்பட, பாக்கி இல்லை என்பதைத் தாமே விசாரித்து அறியட்டும். வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் வசதியில்லாத ஒரு குடும்பத்தின் செலவையும் ஏற்கட்டும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியாதபடி, பணத்தை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அது முடியாதென்றால் பயணத்தைச் சிறிதாக்குங்கள். நம் ஆலய வளாகத்திலேயே பாய் விரித்துப் பாடலாம். பாட வருகிறவர்களுக்குப் பேசிய தொகையை மேடை ஏறுமுன் கொடுங்கள். அவர்கள் முதற்பந்தியில் உண்ணட்டும். அந்தப் பந்தியில் பரிமாற என்னை அழையுங்கள். எனக்கு அந்தக் கடன் இருக்கிறது.

இவ்வளவும் செய்து, அந்தச் செக்கிங் சகோதரி தம் பிள்ளையோடு கப்பலின் கம்பியைப் பிடித்து நின்று சூரியன் மறைவதைப் பார்ப்பாரானால், அன்று பாடப்படும் எந்தப் பாட்டையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜெபம்: ஆண்டவரே, பாட்டையும் பந்தியையும் எங்களுக்குத் தந்தவர் நீரே. எங்கள் மகிழ்ச்சியின் இரைச்சலில் எளியவனின் குரல் அமுங்கிப்போகாதபடி எங்கள் செவிகளைத் திறந்தருளும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்கும் கைகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் கைகளின் பிரயாசங்களையும் ஆசீர்வதிப்பாராக.