பொதுக் கணினியும் இரவற் காவலும்

நூலகத்துப் பொதுக் கணினி தனியொருவர்க்கு உரியதன்று. அதனாலேயே அஃது எல்லார் கைக்கும் இரையாகின்றது. காலையில் வரும் சிறுவன் அதன் அமைப்புகளைக் கலைத்துச் செல்வான். நண்பகலில் வருபவர் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கி, அதனோடு ஒட்டி வந்த நச்சுநிரலையும் குடியேற்றுவார். மாலையில் வேலை வேண்டி மடல் எழுத வரும் ஏழைத் தொழிலாளி, இயங்காப் பொறியின்முன் கைபிசைந்து நிற்பார். வீட்டில் கணினி உடையவர்க்கு இது சிறு தொல்லை. இல்லாதவர்க்கோ அடைபட்ட ஒரே வாயில்!

இதற்கு மருந்து இல்லாமலில்லை. மைக்ரோசாப்டு நிறுவனம் 2007-இல் 'விண்டோசு சுடெடிசுடேட்டு' என்னும் மென்பொருளை இலவயமாகவே வழங்கிற்று. அதன் வட்டுக்காப்பை முடுக்கிவிட்டால், பயன்படுத்துவோர் செய்யும் மாற்றங்கள் கணினியின் இயக்க அமைப்பைத் தொடா. வேறோரிடத்தில் ஒதுக்கி எழுதப்படும். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், ஒதுக்கியவை நீங்கிப் பழைய நிலை திரும்பும். கரும்பலகையைத் துடைப்பது போன்றதே இது. ஒவ்வொரு கதவாகப் பூட்டிவைப்பது, வந்தவரையெல்லாம் கள்வராகக் கருதுவதாகும். துடைக்கும் முறையிலோ, அவர் உரிமையோடு புழங்கலாம், அடுத்தவர்க்கும் கேடில்லை. ஒன்றைமட்டும் மறத்தலாகாது: காவல் திருத்தங்களும் கூடவே துடைக்கப்பட்டுவிடும். ஆகவே, அவற்றை ஏற்றும்பொழுது அம்மாற்றங்களை நிலைக்கச் செய்தல் வேண்டும்.

இத்துணை நன்மை தந்த அம்மென்பொருள் என்னவாயிற்று? 2010 திசம்பர் 31-உடன் அதனை வழங்குவது நிறுத்தப்பட்டது. 2011 சூன் 30-உடன் உதவியும் நின்றது. எக்சுபி, விசுடா ஆகியவற்றுக்கு உதவிய அது, விண்டோசு 7-க்கு வரவேயில்லை. நூலகங்கள், 'டீப் பிரீசு' போன்ற விலைப்பொருள்களின் வாயிலில் போய் நிற்கும்படி ஆயிற்று. பின்னர் விண்டோசு 10-இல் அத்தகைய எழுத்துத் தடுப்பி வந்தது. ஆயினும் எல்லாப் பதிப்புகளிலும் அன்று. இலவயமாகக் கொடுத்த கை, கேளாமலே எடுத்தும் கொள்ளும். அதனைக் குறைகூறிப் பயனென்ன? பொதுச்சொத்தின் காவலைப் பிறர் கையில் விட்டவரன்றோ நாணவேண்டும்!

இலினக்சின் கருவிலேயே 2014 முதல் மேலடுக்குக் கோப்பமைப்பு உள்ளது. அடியிலுள்ளதைத் தொடாமல் மாற்றங்களை மேலே தாங்கும் அதே முறைதான். அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துகிடக்கின்றது. அதனை அமைக்க நூலகர்க்குச் சில நாட் பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்குப் பணமில்லை என்று கைவிரித்துவிட்டு, ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டும் அலுவலர்கள் பொதுமக்கட்குக் கணக்குக் காட்டட்டும்.