சாலை வரட்டும், மறுகாலும் ஓடட்டும்

திருமங்கலம்–இராஜபாளையம் நான்குவழிச் சாலை வருகிறதல்லவா, ஓரத்து வயல்களையெல்லாம் தொழில், வணிக மனையாக வகை மாற்ற வேண்டும் என்கிறார்கள். "வளர்ச்சி வேண்டாமா சார்?" வேண்டும். 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளும் எத்தனை வீடுகளில் உலை வைத்தன!

ஆனால் கோப்பு நகர்த்தியவன் சொல்கிறேன்: வணிகமான நஞ்சை மறுபடி நஞ்சையானதை நான் பார்த்ததில்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'மறுகால்' என்ற சொல்லைக் கற்பித்ததே ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்தான். ஒரு கண்மாய் நிரம்பினால் மிச்சம் அடுத்த கண்மாய்க்கு. நடுவே ஒரு குடோனுக்காக மண்ணடித்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி.

நிலத்தை வகை மாற்றுமுன் அதிகாரிகள் ஒருநாள் வாய்க்காலோடு நடக்கட்டும். கிராம சபையில் வரைபடத்தை விரிக்கட்டும். நாமும் ஆட்சேபணையை இப்போதே எழுதுவோம். வேலி போட்டபின் புலம்பிப் பயனில்லை.